ஆளில்லாத் தீவு



காரியாலயக் கோப்புகளும் கடன்காரர் தொல்லையும் பட்டினத்துச் சந்தடியும் சலித்துப்போன ஒருவன், சுவரில் தொங்கும் நாட்காட்டிப் படத்தை அண்ணாந்து பார்க்கிறான். நீலக் கடல், வெண்மணல், கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கும் இரண்டு தென்னைகள். படத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. அந்த ‘ஒருவரும் இல்லை’ என்பதுதான் அவனை இழுக்கிறது. ஒரு பாய்க்கப்பல் இருந்தால், துணிவும் கொஞ்சம் காசும் இருந்தால், எல்லாவற்றையும் விட்டு அங்கே போய்விடலாம் என்று எண்ணிப் பெருமூச்சு விடுகிறான். எங்கள் தீவுப்பகுதி வாசகர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பது தெரியும். வள்ளத்துக்காகத் துறையிலே காத்திருந்து அலுத்தவர்களுக்கும், கடல் கொந்தளித்த இரவில் நோயாளியை வைத்துக்கொண்டு தவித்தவர்களுக்கும் தீவு என்பது நாட்காட்டிப் படமன்று.

ஆயினும் இந்த ஆசை உலகில் எங்கும் உண்டு. றொபின்சன் குறூசோவின் கதை வெளிவந்த 1719-ஆம் ஆண்டு தொடக்கம் எத்தனையோ பேர் அதை வாசித்துவிட்டுக் கடலைப் பார்த்திருக்கிறார்கள். சிலர் மெய்யாகவே புறப்பட்டும் இருக்கிறார்கள். இந்த ஆசையில் பாவம் ஏதும் உண்டா என்று கேட்டால், ‘அதில் என்ன பாவம்?’ என்பதே உடனடியாக வரும் மறுமொழி. இந்து சமுத்திரத்தின் நடுவிலே உள்ள ஒரு தீவுக்கூட்டத்தின் கதையைக் கேட்டபின் அந்த மறுமொழி அவ்வளவு இலகுவாக வாயில் வராது. அதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில், நல்ல முறையில் கடலோடிய ஒருவரைப் பார்ப்போம். உலகைத் தனியொருவராகப் பாய்க்கப்பலில் முதன்முதல் சுற்றி வந்தவர் ஜோசுவா சிலோக்கம் என்பவர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர். உக்கிக் கிடந்த பழைய படகொன்றைத் தம் கையாலேயே திருத்திக் கட்டி, ‘ஸ்பிறே’ என்ற அந்தப் படகில் 1895 ஏப்ரிலில் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டு, 1898 யூனில் திரும்பினார். புறப்படும்போது அவருக்கு வயது 51. வழியிலே, குறூசோ கதைக்கு ஊற்றாயிருந்த அலெக்சாந்தர் செல்கேர்க் என்பவர் 1704 முதல் 1709 வரை தனித்திருந்த யுவான் பெர்னாந்தெஸ் தீவிலும் நங்கூரமிட்டார். அங்கே சில குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்குக் கொழுப்பில் பொரித்தெடுக்கும் இனிப்புப் பணியாரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளோடு சேர்ந்து காட்டுப்பழம் பறித்தார்.

எங்கள் சமுத்திரத்துக்கு வந்தபோது றொட்றிகஸ் தீவில் அவருக்கு நேர்ந்ததை ஒரு குருவானவர் என்ற முறையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னர்தான் அத்தீவின் குருவானவர் மக்களுக்கு அந்திக்கிறீஸ்துவின் வருகையைப் பற்றி அறிவுரை கூறியிருந்தாராம். பலத்த காற்றிலே வெள்ளைப் பாய் விரித்துக்கொண்டு, ஒரே ஒரு ஆளோடு ‘ஸ்பிறே’ துறைக்குள் நுழைந்ததும், ‘வந்துவிட்டான், படகிலே வந்துவிட்டான்!’ என்று சனம் அலறியடித்துக்கொண்டு ஓடிற்று. பின்னர் எல்லாம் தெளிந்து, தீவின் ஆளுநர் விருந்து வைத்தார். குருவானவரும் அவரை உபசரித்தார். எங்கள் பிரசங்கங்களை மக்கள் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்பதற்கும் இது ஒரு சான்று!

சிலோக்கம் போன தீவுகள் தொலைவானவை. ஆனால் அவர் தேடியது ஆளில்லாமையை அன்று. எங்கே போனாலும் அந்த ஊரவரின் விருந்தாளியாகவே கரையேறினார். விருந்தாளிக்கு ஒரு வீட்டுக்காரன் வேண்டும். வீட்டுக்காரனே இல்லாத கரையில் ஏறுகிறவன் தன்னை விருந்தாளி என்று எண்ணமாட்டான், உரிமைக்காரன் என்று எண்ணத் தொடங்கிவிடுவான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

இலங்கைக்குத் தெற்கே, மாலைதீவுகளையும் தாண்டி, சாகோஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட சிறு பவளத்தீவுகள். அவற்றுள் பெரியது டியேகோ கார்சியா. அது எங்கள் தென்கரையிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதற்கு வடக்கே சலமோன், பெறோஸ் பன்யோஸ் எனும் இரு தீவு வளையங்கள். உலகைச் சுற்றும் பாய்ப்படகுக்காரர் மாலைதீவுப் பக்கமிருந்து மடகஸ்காருக்கோ ஆபிரிக்கக் கரைக்கோ போகும்போது நடுவழியில் இளைப்பாற வசதியான இடம். வளையத்துக்குள்ளே கடனீரேரி கண்ணாடிபோலக் கிடக்கும். வெளியே எவ்வளவு அலையடித்தாலும் உள்ளே படகு தொட்டில்போல் அசையும். மீன் ஏராளம். தென்னை தானாகவே முளைத்துக் காடாகிவிட்டது. குடியிருப்பவர் எவருமில்லை.

பல ஆண்டுகளாகப் படகுக்காரர் அங்கே போய்வந்தார்கள். காற்று மாறும்வரை வாரக்கணக்காக, சிலர் மாதக்கணக்காகத் தங்கினார்கள். சலமோனிலுள்ள பொடம் தீவில் கிணறு உண்டு. அதில் குளித்தார்கள், உடுப்புத் தோய்த்தார்கள். மாலையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டார்கள். பூமியிலே எஞ்சியிருக்கும் கடைசி ஏதேன் தோட்டம் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதத் தோன்றக்கூடிய இடம்.

ஆனால் கிணறு தானாகத் தோன்றாது அல்லவா? காட்டுக்குள்ளே சற்று நடந்தால் பவளக் கல்லில் கட்டிய சுவர்கள். கூரையற்ற ஒரு கோவில். வேர்கள் பிளந்த கல்லறைகளோடு ஒரு சேமக்காலை. கல்லில் பெயர்கள்.

அந்தப் பெயருக்குரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உயிரோடிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சியர் தென்னந்தோட்டம் போடுவதற்காக மொசாம்பிக்கிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளை இத்தீவுகளுக்குக் கொண்டுவந்தனர். 1814-இல் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. அடிமைத்தனம் ஒழிந்தபின் அவர்கள் கூலியாட்களாக அங்கேயே தொடர்ந்தார்கள். இந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்து கலந்தனர். ஐந்தாறு தலைமுறைகளில் தங்களுக்கென்று ஒரு கிறியோல் பேச்சும், பாட்டும், சமையலும் உடைய ஒரு மக்களாயினர். பெரும்பாலும் கத்தோலிக்கர். தேங்காய் உரித்தார்கள், கொப்பரா காயவைத்தார்கள், மீன் பிடித்தார்கள், நாய் வளர்த்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிரான்சியக் கடலோடி பேர்ணார் முவாத்தெசியே 1952-இல் தம் படகை டியேகோ கார்சியாவின் பவளப்பாரில் மோதி இழந்தபோது, அவர் ஏறிய கரை ஆளில்லாக் கரையன்று. அங்கே ஓர் ஊர் இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு இந்து சமுத்திரத்தில் ஒரு படைத்தளம் வேண்டியிருந்தது. 1965 நவம்பரில் பிரித்தானியா இத்தீவுகளை மொறிசியசிலிருந்து பிரித்தெடுத்து, அதற்காக மொறிசியசுக்கு மூன்று மில்லியன் பவுண் கொடுத்தது. மொறிசியஸ் சுதந்திரம் அடைந்தது 1968-இலேதான். 1966-இல் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. கைம்மாறாக, போலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 14 மில்லியன் டொலர் கழிவு இரகசியமாக வழங்கப்பட்டது. 1967-இல் தோட்டக் கம்பனியின் உடைமைகள் யாவும் 660,000 பவுணுக்கு வாங்கப்பட்டன. காணி உறுதி கம்பனியின் பெயரிலேயே இருந்தது. அங்கே பிறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயரில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

இனி மக்களை என்ன செய்வது? இலண்டன் அதிகாரிகள் கண்டுபிடித்த வழி, அங்கே நிலையான குடிகள் எவருமில்லை, ஒப்பந்தக் கூலிகள் மாத்திரமே உளர் என்று உலகுக்குச் சொல்வதாயிருந்தது. 1966-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பிலே, பறவைகளோடு சேர்த்து இவர்களையும் எண்ணி, றொபின்சன் குறூசோவின் வேலைக்காரனுடைய பெயரைச் சொல்லி ஏளனம் செய்திருக்கிறார்கள். கதைப் புத்தகங்கள் தீமை செய்யா என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

1968 தொடக்கம், மருத்துவத்துக்காகவோ உறவினரைப் பார்க்கவோ மொறிசியசுக்கு வந்தவர்கள் திரும்பிப்போகக் கப்பல் ஏற முடியாமற் போயிற்று. தீவு விற்கப்பட்டுவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒலிவியே பங்கூ என்பவரின் குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டது. காயமடைந்த ஒரு மகளை வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். மகள் இறந்தாள். ஊருக்குத் திரும்ப வழியில்லை. அப்போது நான்கு வயதுக் குழந்தையாயிருந்த ஒலிவியே வளர்ந்து, பின்னர் தம் மக்களுக்காக நீதிமன்றங்களில் வழக்காடினார். 1971-இல் டியேகோ கார்சியா முற்றாக வெறுமையாக்கப்பட்டது. மக்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரா காயவைக்கும் கொட்டகைக்குள் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு சலமோன். 1973-இல் பெறோஸ் பன்யோஸ். கடைசி மக்களை ஏற்றிய கப்பலின் பெயர் ‘நோர்ட்வேர்’. அதில் ஏற்றப்பட்ட லிஸ்பி எலிசே என்ற இளம்பெண் நான்கு மாதக் கர்ப்பிணி. பிள்ளை மொறிசியசில் பிறந்து இறந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 2018-இல், அனைத்துலக நீதிமன்றத்தின் முன் அவருடைய சாட்சியம் கேட்கப்பட்டது.

எல்லாமாக ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரையில் இப்படி அகற்றப்பட்டனர். போர்ட் லூயிஸ் பட்டினத்தின் சேரிகளிலே, தென்னையும் மீனும் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் வேலையின்றிக் கிடந்தார்கள். ‘சாக்றேன்’ என்று அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. ஊரை இழந்த துயரம் என்று பொருள். அந்தத் துயரத்தாலேயே பலர் மாண்டார்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். 1982-இல் நட்டஈடு வந்தபோது, ஆங்கிலம் தெரியாதவர்களிடம் ஆங்கிலப் பத்திரங்களில் பெருவிரல் அடையாளம் பெற்றார்கள். அது திரும்பிச் செல்லும் உரிமையைக் கைவிடும் பத்திரம் என்று பலருக்குத் தெரியாது.

இப்போது நம் பாய்ப்படகுக்காரரிடம் திரும்புவோம். அவர் எவரையும் வெளியேற்றவில்லை. அவர் பிறக்கமுன்னரே எல்லாம் முடிந்திருக்கலாம். அனுமதிப் பத்திரத்துக்குக் கட்டணம் செலுத்தியிருக்கிறார். குப்பை போடுவதில்லை. மீனைத் தேவைக்கு மேல் பிடிப்பதில்லை. நல்ல மனிதர். அவர் சலமோனில் நங்கூரமிட்டு ஒரு மாதம் இளைப்பாறினால், அதில் குற்றம் உண்டா?

சட்டத்தை மாத்திரம் பார்த்தால் இல்லை. ஆனால் சட்டம் எப்படியிருந்தது என்று பாருங்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் வரும் படகுக்காரருக்குப் பல ஆண்டுகளாக அங்கே தங்க அனுமதி கிடைத்தது. அத்தீவிலே ஞானஸ்நானம் பெற்றவனுக்கு அங்கே குடியிருக்க அனுமதி இல்லை. 2006-இல் நூறு பேர்வரை ஒரு கப்பலில், காவலோடு, சில நாட்களுக்கு மட்டும் சென்று சேமக்காலையைப் பார்த்துத் திரும்ப விடப்பட்டார்கள். தாயின் கல்லறையைத் துப்புரவாக்கப் போனவன் மாலையில் கப்பலுக்கு மீளவேண்டும். வழிப்போக்கன் படகிலே உறங்கலாம்.

ஒழுக்கவியலாளர் இத்தகைய கேள்விகளைப் புதிதாக எதிர்கொள்ளவில்லை. 1539-இல் சலமன்கா பல்கலைக்கழகத்திலே பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற தொமினிக்கன் குருவானவர் ஓர் உரை நிகழ்த்தினார். அமெரிக்கக் கண்டத்துப் பூர்வ குடிகளின் நிலம் ஸ்பானியருக்கு எவ்வாறு உரித்தாகும் என்பது பொருள். கண்டுபிடித்தேன், ஆகவே எனக்குச் சொந்தம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. உடைமையாளன் இல்லாத பொருளுக்கே அந்த வாதம் செல்லும், இந்த நிலத்துக்கோ உடைமையாளர் இருக்கிறார்கள் என்றார். அதே உரையில் அவர் பயண உரிமையையும் ஏற்றுக்கொண்டார். ஒரு மனிதன் பிற நாடுகளுக்குச் செல்லலாம், தங்கலாம், அங்குள்ளவர்களுக்குத் தீங்கு செய்யாதவரை. அவர் காலத்து அரசுகள் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு முன்பகுதியை மறந்தன என்பது வேறு கதை. எங்கள் வழக்குக்கு அந்த நிபந்தனைதான் முக்கியம். ‘அங்குள்ளவர்களுக்கு’ என்றார் அவர். அங்குள்ளவர்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால்? தீங்கு செய்ய ஆளில்லை, ஆகவே தீங்கும் இல்லை என்று வாதிடலாம். அந்த வாதம் பிழையானது என்பதை உங்கள் மனச்சாட்சி உடனே சொல்லும். ஏன் பிழை என்று விளக்குவதுதான் கடினம்.

அரசர் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாப் அரசனுடைய அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. அரசன் கேட்டான். மூதாதையர் காணி என்று நாபோத் மறுத்தான். ஆகாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டான். பொய்ச் சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்வித்தவள் யெசபேல். ஆகாப் செய்ததெல்லாம் எழுந்து நடந்து போய்த் தோட்டத்தைக் கையேற்றதுதான். ஆனால் எலியா இறைவாக்கினர் அனுப்பப்பட்டது முதலில் அவனிடமே. அதுவும் அரண்மனைக்கு அன்று, தோட்டத்துக்குள்ளேயே. கொலையுண்டவனின் நிலத்திலே, திராட்சைக் கொடிகளின் நடுவே, அவனை மடக்கிக் கேட்கிறார்.

நம் படகுக்காரரை ஆகாப் என்று சொல்வது அநியாயம். அவர் ஆசைப்பட்டதால் மக்கள் அகற்றப்படவில்லை. மீளளிப்புப் பற்றிப் பேசும் இடத்தில் தோமஸ் அக்குவீனாஸ், பிறர் செய்த அநீதியில் ஒருவன் பங்காளியாகும் ஒன்பது வழிகளைக் கூறுகிறார். ஏவுதல், ஆலோசனை சொல்லுதல், சம்மதித்தல், பாராட்டுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்று தொடங்கி, பேசாதிருத்தல் வரை போகிறது அந்தப் பட்டியல். பேசாதிருத்தல் எல்லாரையும் ஒரேயளவாகக் கட்டாது, தடுக்கும் கடமையுடையவரையே கட்டும் என்றும் அவர் சொல்கிறார். அந்த அளவுகோலில், ஈடுசெய்யும் கடமை அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உண்டு, வழிப்போக்கனுக்கு இல்லை. இவ்வளவும் சரியே.

இருந்தும் இதோடு விட்டுவிட என்னால் முடியவில்லை. அறியாமல் நங்கூரமிட்டவனுக்குக் குற்றமில்லை. கடலில் சேதமடைந்து வந்தவனுக்கு எந்தக் கரையிலும் ஏற உரிமை உண்டு. தண்ணீர் இல்லாதவனுக்குக் கிணறு யாருடையதாயினும் உரித்து. ஆனால் சேமக்காலையைக் கண்டபின், கல்லிலே பெயரை வாசித்தபின், அவன் அறியாதவன் அல்லன். அதன்பின் அந்தத் தீவை ‘ஆளில்லாத் தீவு’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானாகில், அவன் சொல்வது பொய். அதிகாரிகள் 1966-இல் சொன்ன அதே பொய். அவர்கள் வேண்டுமென்று சொன்னார்கள். இவன் மகிழ்ச்சியோடு சொல்கிறான். பொய்யோ ஒன்றே. அங்கே ஆள் இல்லாமையே அவன் அனுபவிக்கும் இன்பம். அந்த இன்பத்தின் விலையை வேறொருவர் கொடுத்திருக்கிறார். அந்த மக்கள் திரும்பி வந்து கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் அமைத்தால் தன் ஏதேன் கெட்டுவிடுமே என்று அவன் உள்ளூர வருந்துவானாயின், அந்தக் கணத்தில் அவன் உள்ளம் ஆகாபின் உள்ளத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியேறிவிடுகிறது.

“சுவாமி, மக்கள் இல்லாததால்தானே அங்கே பவளமும் ஆமையும் கடற்பறவையும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன? மனிதன் போனால் கெடுத்துவிடுவானே?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இறைவன் படைத்த கடலைப் பேணுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. 2010 ஏப்ரிலில் பிரித்தானியா சாகோசைச் சுற்றி 640,000 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்காப்பகமாக அறிவித்தது. உலகம் கைதட்டிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தூதரகத்தின் இரகசியச் செய்தியொன்று வெளிவந்தது. காப்பகம் அமைந்தால் பழைய குடிகள் திரும்பிவரக் கேட்பது கடினமாகிவிடும் என்று ஒரு பிரித்தானிய அதிகாரி முந்திய ஆண்டிலே சொன்னதாக அதில் எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும், குண்டுவீச்சு விமானங்கள் இறங்கும் டியேகோ கார்சியா அந்தக் காப்பகத்துக்குள் சேர்க்கப்படவில்லை. பவளத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவர் தூண்டில் போடும் முதியவர் மாத்திரந்தானா? 2015-இல் ஓர் அனைத்துலக நடுவர் மன்றம் அக்காப்பக அறிவிப்பு சட்டமுறைக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது.

வழக்குகளின் கதை நீளமானது. 2000-ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் மக்கள் வென்றார்கள். 2004-இல் அரச கட்டளையொன்றால் அந்த வெற்றி பறிக்கப்பட்டது. 2008-இல் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தார்கள். 2019 பெப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம், மொறிசியசிலிருந்து தீவுகளைப் பிரித்தது முறையன்று என்று கருத்துரைத்தது. அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 116-க்கு 6 என்று வாக்களித்தது. 2025 மே 22-இல் தீவுகளின் இறைமையை மொறிசியசுக்குக் கையளிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏனைய தீவுகளில் குடியேற வழி காட்டும் அந்த ஒப்பந்தம், டியேகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குப் படைத்தளமாகவே விட்டுவைக்கிறது. அங்கே பிறந்தவர்கள் அதைப் பற்றி ஒருமனப்பட்டவர்களாக இல்லை. தங்களைக் கேளாமல் இரு அரசுகள் மறுபடியும் தங்கள் தீவைப் பேரம் பேசின என்று கோபப்படுவோரும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் பரிசுத்த தந்தை 14-ஆம் லியோ அவர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார்.

இந்தக் கதையிலே எங்கள் மக்களும் வருகிறார்கள். 2021 ஒக்ரோபரில், கனடா போகும் எண்ணத்தோடு மீன்பிடிப் படகொன்றில் கடலில் இறங்கிய இலங்கைத் தமிழர் எண்பத்தொன்பது பேர், நடுக்கடலில் படகு பழுதடைந்து டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். வேலியடைத்த முகாமில், கூடாரங்களில், எலித் தொல்லையோடு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர்களும் உளர். 2024 டிசம்பரிலேயே அவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே மாதம், அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. எண்ணிப் பாருங்கள். ஊரவன் ஊருக்குள் போக முடியாத தீவிலே, வெளியேற முடியாமல் எங்களவர் அடைபட்டுக் கிடந்தார்கள். அதே தீவுக்கூட்டத்தின் வடக்கு வளையங்களுக்கு இன்பப் பயணிகள் கட்டணம் செலுத்தி வந்து போனார்கள். கடல் ஒன்று. படகும் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

வலிகாமம் வடக்கிலே தம் வளவை முட்கம்பிக்கு அப்பால் நின்று பார்த்தவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. தன் கிணற்றை அயலான் இறைப்பதைப் பார்க்கும் வேதனை அவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதி உண்மையாகிவிடும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் நாமல்லர் என்று சொல்லலாம். அது உண்மைதான். இடம்பெயர்ந்து போக்கிடமின்றி வந்தவன் வெறுமையான ஒரு வீட்டில் ஒதுங்கினால், அது தேவையின் உரிமை. அவனை நான் குறைகூறவில்லை. ஆண்டுகள் கழிந்தபின், தேவை தீர்ந்தபின், ‘அது சும்மா கிடந்த வீடு’, ‘அது ஆளில்லா வளவு’ என்று நாம் வழக்கமாகச் சொல்லி வந்திருக்கிறோமா? அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிய உறுதிகள் எத்தனை பெட்டிகளில் உள்ளன? சலமோனில் நங்கூரமிட்டவரை விசாரித்த அதே நீதியாசனத்தின் முன்னே இந்தக் கேள்வியும் நிற்கிறது. வீட்டுக்கு வீடு மறுமொழி வேறுபடும். குடும்பமாக இருந்து கதைத்துப் பார்க்கவேண்டிய விடயம் இது.

சரி, அப்படியானால் ஒருவன் பாயை விரிக்கவே கூடாதா? தாராளமாக விரிக்கட்டும். கடலிலே தனித்து நின்று தன் சிறுமையையும் படைத்தவரின் பெருமையையும் உணர்வது நல்ல தியானம். முவாத்தெசியே 1968-இல் தொடங்கிய உலகைச் சுற்றும் போட்டியிலே பரிசு எட்டும் தூரத்தில் இருந்தும், இங்கிலாந்துக்குத் திரும்பாமல் வழியை மாற்றி, 1969 யூனில் தகித்தித் தீவில் போய் இறங்கினார். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். அவர் இறங்கிய இடத்திலும் மனிதர் இருந்தார்கள் என்பதையும் கவனிக்கிறேன். போகிறவன் போகட்டும். எந்தக் கரையானாலும் அது யாருடையது என்று கேட்டுவிட்டு ஏறட்டும். கேட்க ஆளில்லாவிட்டால், ஏன் ஆளில்லை என்று கேட்கட்டும். உண்மையாகவே எவரும் வாழ்ந்திராத தீவுகளும் உலகில் உண்டு. அங்கே பறவைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் தங்கினால் போதும்.

2022 பெப்ரவரியில் மொறிசியஸ் அரசு வாடகைக்கு அமர்த்திய கப்பலொன்று, பிரித்தானியக் காவல் இல்லாமல் முதன்முறையாகச் சாகோசுக்குச் சென்றது. அங்கே பிறந்தவர்கள் ஐந்து பேர் அதில் இருந்தனர். ஒலிவியே பங்கூ ஒருவர். 1973-இல் ‘நோர்ட்வேர்’ கப்பலில் ஏற்றப்பட்ட லிஸ்பி எலிசே இன்னொருவர். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. பெறோஸ் பன்யோசில் கரையேறியதும் மண்ணை முத்தமிட்டார்கள். பிறகு கோவிலுக்குப் போனார்கள். உள்ளே மரம் முளைத்திருந்தது. பற்றைகளை வெட்டி அகற்றி, தரையைக் கூட்டத் தொடங்கினார்கள்.